அய்யா வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை

நெடுங்குளத்தில் ஜனாதிபதி வீடு ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்த வருஷத்தில் மழை நன்றாகப் பெய்தது, கண்மாய் நிரம்பி மறுகால் போனது, வெங்காயம் விலை ஏறியது, பிறகு இறங்கியது. ஊர் அதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படியே பையன் விஷயத்தையும் எடுத்துக்கொண்டது, அதாவது முதலில் வாயைப் பிளந்தது, அப்புறம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது, அதற்கப்புறம் அந்த வாசலில் பஜ்ஜிக் கடை போட்டது.

பையன் பெயர் சேவுகமூர்த்தி. பதினோராம் வகுப்பு. கூடப் படிக்கிறவர்களுக்குக் காராச்சேவு. அவன் தொண்டைக்குள் ஒரு வாரச்சந்தையே இருந்தது, யார் குரல் வேண்டுமென்றாலும் எடுத்துக் கொடுப்பான், ஹெச்.எம். குரலில் மைக்கில் "நாளை விடுமுறை" என்று அறிவித்துப் பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டிலேயே உட்கார வைத்தவன், பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து செக்கர் குரலில் அதட்டிக் கண்டக்டரையே இறங்கி நிற்க வைத்தவன், பக்கத்து வீட்டுக் கோழிக்குக் காணாமல்போன குஞ்சின் குரலில் கூவி அதைத் தெருத்தெருவாக அலையவிட்டவன். அடி விழும். அடிக்கிறவர் மூச்சு வாங்குகிற தினுசை அடி விழும்போதே கற்றுக்கொண்டு, மறுநாள் அதையும் செய்து காட்டுவான்.

ஒரே ஒரு குரலை மட்டும் யாரையும் சிரிக்க வைக்க அவன் எடுத்ததில்லை. அது அவன் அப்பா வெள்ளைக்கண்ணுவின் குரல். சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போன வெள்ளைக்கண்ணு சாரம் சரிந்து இறந்துபோனார், உடம்பை அனுப்பத் தோதுப்படவில்லை, அங்கேயே மணலில் அடக்கம் பண்ணிவிட்டோம் என்று கூட வேலை பார்த்தவர்கள் போனில் சொன்னபோது சேவுகனின் அம்மா பஞ்சவர்ணம் அழவில்லை. "பொணத்தக் காட்டு, நம்புறேன்" என்றாள். துக்கம் கேட்க வந்த பெண்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "அழுறதா இருந்தா அவுகவுக வீட்டுல போயி அழுங்க, மனுசன் வர்ற நேரத்துல இங்க என்ன அபசகுனம்" என்று அனுப்பி வைத்தாள். பொட்டு அழியவில்லை, தாலி இறங்கவில்லை, அவர் சாப்பிடுகிற தட்டு அடுக்குக்குப் போகவில்லை, தினமும் கழுவித் துடைத்து அடுப்படியில் அவர் உட்காரும் இடத்தில் வைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பேசுகிற வழக்கம் என்பதால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் அவள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, பட்டன் தேய்ந்த அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படிச் சில வெள்ளிக்கிழமைகள் போனபின் சேவுகனால் அதைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் போய் நின்று, சிநேகிதனின் போனை வாங்கிக் கூப்பிட்டான்.

"பஞ்சவர்ணம், நான்தான். நல்லாருக்கியா?"

அந்தப் பக்கம் வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா, "சாப்ட்டீகளா?" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

இனி அந்த வீடு. நெடுங்குளத்தில் பிறந்து, நெடுங்குளத்தில் வக்கீல் தொழில் பார்த்து, ஜெயிலுக்குப் போய், மந்திரியாகி, கடைசியில் நாட்டுக்கே ஜனாதிபதியான அம்பலவாணர், ஊருக்கு எப்போதும் அய்யாதான். ஒருநாள் காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மனைவியோடு தலைநகருக்கு ரயிலேறினார். பதவியில் இருக்கும்போதே அங்கே இறந்தார், மனைவியும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். பீரங்கி முழங்கியது, பெரிய பெரிய ஆட்கள் மலர்வளையம் வைத்தார்கள், சாம்பல் அங்கே ஒரு நதியில் கரைந்தது. அரசாங்கம் வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, சாமான்களுக்கு முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, தொடாதீர் என்று எழுதிப்போட்டு, அவர் விட்டுப்போன மாதிரியே வைத்திருந்தது. சாய்வு நாற்காலி சாய்ந்தபடி, மூக்குக்கண்ணாடி மடங்கியபடி, செருப்பு ஜோடி வாசலைப் பார்த்தபடி.

வழிகாட்டி தங்கையாவுக்கு எல்லாம் மனப்பாடம். மூச்சு விடுகிற இடமும் மனப்பாடம்.

"இது அய்யா அவர்கள் பயன்படுத்திய வெற்றிலைப் பெட்டி. இது அய்யா அவர்கள் பயன்படுத்திய கைத்தடி. இது அய்யா அவர்கள் பயன்படுத்திய..."

"கக்கூஸ்," என்று தங்கையாவின் குரலே பின்வரிசையிலிருந்து முடித்து வைத்தது.

"யார்ரா அது?" என்றார் தங்கையா.

"யார்ரா அது?" என்று ஹெச்.எம். குரல் அதட்டியது. சுவரோரம் நின்ற ஹெச்.எம். திடுக்கிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த வருஷத்துப் பள்ளிக்கூடச் சுற்றுலா அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

கூடத்து மூலையில் ஒரு பெட்டி இருந்தது, பொத்தானை அமுக்கினால் அய்யாவின் பழைய வானொலிப் பேச்சு கேட்கும். சேவுகன் அதை ஒருதரம் கேட்டான், கண்ணை மூடிக்கொண்டு இன்னொருதரம் கேட்டான். அய்யா வெளியூர் போய் வந்தால் நிலைப்படி தாண்டும்போதே என்ன சொல்லுவார் என்பதைத் தங்கையா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்புறம் என்ன, கயிற்றை ஒரே தாண்டாகத் தாண்டி, சாய்வு நாற்காலியில் மல்லாந்து, காலை நீட்டி, மூக்கடைத்த மாதிரியான அந்தக் கனத்த குரலில், "எங்க எல்லாரும்? நான் வந்தாச்சு. ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க" என்றான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது, கம்பி அறுந்து வருஷக்கணக்கான மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கொல்லையில் கயிறே இல்லாத கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது, அடைத்து வைத்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு வேர்த்து நின்றது, அதில் தண்ணீர் தளும்பியது.

"கரண்டு இல்லாம ஃபேன் ஓடுது," என்றார் தங்கையா. "ஆடிட்டு வரும்போது நான் என்ன பதில் சொல்ல?"

சேவுகன் தாகமாக இருந்ததால் தண்ணீரைக் குடித்தான். பிறகு எழுந்து, ஹெச்.எம். காதைத் திருகியதால் அழுகிற மாதிரி நடித்துக்கொண்டே, வாசலைத் தாண்டி வெளியே போனான். போனவன் கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்தான். திரும்ப வாசல் வழியாகப் போனான், திரும்பக் கொல்லை வழியாக வந்தான். ஜன்னலில் ஏறிக் குதித்தான், குளியலறையில் விழுந்தான். ஓட்டைப் பிரித்துத் தூக்கிவிட்டார்கள், பரண் வழியாக இறங்கி வந்தான். ஹெச்.எம். அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியேறிப் பார்த்தார், தெருவில் அவர் கையில் ஒரு வெற்றிலைப் பெட்டி இருந்தது, பையன் உள்ளே இருந்தான்.

"டேய் காராச்சேவு, எப்படிடா பண்ற?"

"நான் பண்ணலடா!"

"எங்களுக்கும் சொல்லிக் குடுடா!"

அந்த வீட்டுக்குப் பொல்லாத எண்ணம் ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. போனவர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வந்தவரை இன்னொரு தரம் விட அதற்கு மனசில்லை.

பிறகு ஊர் அந்த அதிசயத்தைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டது. நினைவு இல்லத் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, மேற்படி மாணவர் மேற்படி இல்லத்தில் தங்கியிருக்கும் காலத்தில் காட்சிப் பொருளாகவும் கருதப்படமாட்டார், பார்வையாளராகவும் கருதப்படமாட்டார், ஆயினும் அவரைத் தொடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை படித்தார். டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டி, "சொல்லுங்க தம்பி, இந்தத் தருணத்தில் எப்படி உணர்றீங்க?" என்று கேட்டாள், அவன் அவள் குரலிலேயே, "விளம்பர இடைவேளைக்குப் பிறகு சொல்கிறேன்" என்றான், நாடே சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பஜ்ஜிக் கடை சட்டியும் அடுப்புமாகக் கிளம்பி இந்த வாசலுக்கே குடிவந்தது. காலாண்டுப் பரீட்சையை அய்யாவின் மேஜையில் உட்கார்ந்து எழுதினான், ஜனாதிபதி மேஜையில் எழுதியும் கணக்கில் ஃபெயில். ஜனங்கள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் வரிசையில் நின்று, "அய்யா, எங்க தெருவுக்குத் தண்ணி வரல", "அய்யா, எம் மகனுக்கு வேலை வேணும்" என்று முறையிட்டார்கள். அவன் அய்யாவின் குரலில், "ஆவன செய்யப்படும்" என்றான். சில தெருக்களுக்குத் தண்ணீர் வரவும் வந்தது. முதல் வாரங்களில் அவனை மாதிரி சந்தோஷமான கைதியை உலகம் கண்டதில்லை. வீடு அவனுக்கு வெந்நீர் போட்டு வைத்தது, தலையணையைத் தட்டிப் போட்டது, படுத்தால் கொசுவலையைத் தானே இறக்கிவிட்டது.

பஞ்சவர்ணம் தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தாள். தங்கையா அவளிடம் டிக்கெட் கேட்பதில்லை. ஆனாலும் அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று, குனிந்து, கையை எட்ட நீட்டித்தான் தூக்குவாளியைக் கொடுப்பாள்.

"உள்ள வாம்மா, ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"தாண்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்ல. ஒருத்தர் தாண்டுனது போதாதா?"

வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை.

"யம்மா, இன்னிக்கு வெள்ளிக்கெழமை. அப்பா போன் பண்ணுவாருல்ல. நீ வீட்டுக்குப் போகல?"

"பண்ணுனா பண்ணட்டும். நீ மொச்சைக் குழம்பத் தின்னு, ஆறிப்போகுது."

அவள் போனையே எடுத்து வரவில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். கவனித்தும் ஒன்றும் விளங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அவனுக்குக் கண்டக்டரின் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமித் தேடினான், அது இருந்த இடம் காலியாக இருந்தது. அடுத்து ஹெச்.எம். போனார், டிவிக்காரப் பெண் போனாள், கோழிக்குஞ்சு போனது. சந்தை கலைகிற மாதிரி ஒவ்வொரு கடையாகக் கட்டிக்கொண்டு கிளம்பியது. வீட்டுக்கு ஒரு குரல்தான் வேண்டியிருந்தது, மற்றதை எல்லாம் அது குப்பையைக் கூட்டித் தள்ளுகிற மாதிரி மெல்லக் கூட்டித் தள்ளியது. சேவுகன் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, "பஞ்சவர்ணம், நான்தான்" என்று சொல்லிப் பார்த்தான். நாட்டின் ஜனாதிபதிதான் பேசினார். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். பெரும் அவையில் பேசுகிற குரலில், நிதானமாக, அவர்தான் அவன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவின் குரல் உலகத்திலேயே அந்த ஒரு தொண்டையில்தான் மிச்சம் இருந்தது, இப்போது அங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் அவன் அந்த வீட்டில் முதல்முறையாக அழுதான், அழுகைகூட வயசான ஆள் இருமுகிற மாதிரி வந்தது.

மத்தியானம் அம்மா வந்தபோது, "அம்மா" என்றான்.

தூக்குவாளி அவள் கையிலிருந்து நழுவியது. சோறு கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சிதறியது.

"யாரு பேசுறது?" என்றாள். "எம்பிள்ள எங்க?"

"நான்தாம்மா. எனக்குப் பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல நான் இருக்கமாட்டேன்மா, இவருதான் இருப்பாரு."

அந்த வாரத்தில்தான் கோயில் சுற்றுலா போன பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். தங்கையா தன் பாட்டுக்கு, இது அய்யா அவர்கள் பயன்படுத்திய என்று போய்க்கொண்டிருந்தபோது, அதில் அன்னக்கொடி என்று ஒருத்தி, கடலையைக் கொறித்துக்கொண்டே, "சரிங்க தம்பி, பொணத்த எந்த வாசல் வழியா எடுத்தாக?" என்று கேட்டாள்.

"இங்க எங்கம்மா எடுத்தாங்க? தலைநகர்லயே எல்லாம் முடிஞ்சிருச்சு."

"நடுவீட்டுல கெடத்தல?"

"இல்ல."

"ஒருத்தரும் உள்ள உக்காந்து அழல? பொணம் எடுத்த பின்னாடி வீட்டக் கழுவி விடல?"

"இல்லம்மா."

அன்னக்கொடி கடலைத் தோலை ஊதினாள். "அப்ப இந்த வீட்டுக்கு யாரு சொன்னா?"

தங்கையா மூச்சு விடக்கூடாத இடத்தில் மூச்சு விட்டார். நாடெல்லாம் துக்கம் அனுசரித்திருந்தது, கொடிகள் பாதிக் கம்பத்தில் பறந்திருந்தன, அய்யாவின் சொந்த வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஊருக்கு வேலை வந்துவிட்டது. அதிகாரியிடம் மாதிரி இறுதிச்சடங்கு என்று அனுமதி வாங்கினார்கள். சேவுகனை அய்யாவின் வேட்டி சட்டையில் நடுவீட்டில் கிடத்தினார்கள், நெற்றியில் விபூதி அடித்தார்கள், தாடைக்குக் கட்டுப் போட்டார்கள், தலைமாட்டில் விளக்கும் படி நெல்லும் வைத்தார்கள், சங்கு ஊதினார்கள். கூலிக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள், ஆனால் மாலை மூக்கில் குத்திச் சேவுகன் தும்மினான், ஒருத்தி சிரித்துவிட்டாள், அடுத்தவள் அவளைக் கிள்ளினாள், வாசலில் பஜ்ஜிக்காரர், "பொணம் எடுக்க இன்னும் நேரமாகுமா, மாவு கரைக்கட்டுமா?" என்று எட்டிப் பார்த்தார். பாடை கட்டித் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். தோள் இலேசானது. கொல்லைக் கதவு திறந்தது. கூடத்தில் பாடை, பாடை மேல் பையன், மாலை கசங்காமல்.

"வீடு நம்பல," என்றார் தங்கையா. "நெஜமா அழுற ஆளு வேணும்."

எல்லாரும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள்.

"உசுரோட இருக்குற பிள்ளைக்கு நான் மாரடிக்கவா?" என்றாள் அவள். "நாக்குல நெருப்ப வச்சாலும் மாட்டேன். உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அடிச்சுக்குங்க."

சேவுகன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மண்டிபோட்டு, "அம்மா" என்று கெஞ்சினான். அய்யாவின் குரல் கெஞ்சிப் பழகாத குரல், ஆணையிடுகிற மாதிரிதான் இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சில நாள் அவள் வரவில்லை, தங்கையாதான் சோறு வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமாகப் பூ வைத்துக்கொண்டு போனோடு உட்காருகிற அதே நேரத்துக்கு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் தெருவில் நடந்து வந்தாள். பஜ்ஜிக்காரர் அவளைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். அவள் பின்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தியாக எழுந்து நடந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் கூலியில்லை. வீட்டுக்குள் வந்தவள் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனாள்.

"படுடா," என்றாள்.

அவன் படுத்தான். கண்ணை மூடினான்.

அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை, வறண்ட மூச்சுத்தான் வந்தது. அவன் கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தபடி இருந்த செருப்பு ஜோடியைப் பார்த்தாள், வருகிறவருக்காகத் தண்ணீர் நிரம்பி நின்ற அந்தச் செம்பைப் பார்த்தாள். தன் வீட்டு அடுப்படியையே பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அது அவள் வாயிலிருந்து வந்ததா, வீட்டு உத்திரத்திலிருந்து வந்ததா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"மண்ணள்ளிப் போட்டாகளாம் மணல்காட்டு ஊருக்குள்ள – ஒரு
பிடிமண்ணு நான் போடலையே, பெத்தவளும் பாக்கலையே...

தட்டெடுத்து வச்சிருந்தேன், தண்ணிமொண்டு வச்சிருந்தேன் – நீ
வாரவழி மேலயெல்லாம் கண்ணெடுத்து வச்சிருந்தேன்..."

வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுச் சாய்ந்தார்கள். சேவுகன் மூடிய கண்ணுக்குள்ளே, இது எனக்கில்லை என்று தெரிந்துகொண்டான். அய்யாவுக்கும் இல்லை. அம்மா ஊருக்கு முன்னால் முதல் தடவையாக அப்பாவைச் சாகவிடுகிறாள்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளிநாட்டுப் போனுவரும் – அதுல
பஜ்ஜிச்சட்டி எண்ணெச்சத்தம் பக்கத்துல கேட்டுவரும்...

பேருசொல்லிக் கூப்பிட்டியே, பிரியமாத்தான் கேட்டியே – என்
புருசன்சொல்லும் பேருவேற, பிள்ளைக்கது தெரியாதே...

தெரிஞ்சேதான் பேசுனேன்டா, தெனம்எண்ணிக் காத்திருந்தேன் – உன்
தொண்டநோகப் பேசுனத நான் தொடச்செறிய மாட்டாம..."

செத்துக் கிடக்கிறவன் அழக்கூடாது. சேவுகனின் மூடிய கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது, அவள் அதைத் தன் முந்தானையால் ஒற்றினாள், ஒற்றிக்கொண்டே பாடினாள். முதல் போனிலேயே, முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தனியாக இருக்கும்போது அப்பா அவளைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருந்திருக்கிறது, அதை அப்பா மணலுக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெரிந்தே சாப்ட்டீகளா என்று கேட்டிருக்கிறாள், பிள்ளை பசியோடு பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் நிற்கிறானே என்று.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது நின்றது. கிணற்று ராட்டினம் நின்றது. செம்பில் இருந்த தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி உள்வாங்கி, பித்தளை உலர்ந்தது. சுவர்களில் வேர்வை துளிர்த்தது, பிறகு ஒவ்வொரு சுவரிலும் மேலிருந்து கீழே கோடு கோடாக வழிந்தது, அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எடுங்கப்பா," என்றாள் பஞ்சவர்ணம்.

கால் முன்னால் போகத் தூக்கினார்கள். நிலைப்படி தாண்டினார்கள். தோள் இலேசாகவில்லை. தெருவில் இறங்கிப் பத்தடி போனபிறகும் கனம் கனமாகவே இருந்தது, தூக்கினவர்கள் அந்தக் கனத்துக்காக வாய்விட்டு அழுதார்கள். உள்ளே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி வீட்டைக் கழுவி விட்டார்கள். சிவப்புக் கயிற்றைச் சுருட்டி அந்தத் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளினார்கள், தங்கையா தடுக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீடு, வீடு என்றால் எப்படி இருக்குமோ அப்படி ஆனது. அடுத்த மழைக்கே ஒழுகியது, கறையான் ஏறியது, எத்தனை வெள்ளையடித்தாலும் சுவர் குடித்துவிட்டு மறுபடி கறுத்தது. அதிகாரி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இத்தன வருஷம் நீங்க இதப் பாதுகாக்கல சார்," என்றார் தங்கையா, "அதுவா காத்துக்கிட்டு இருந்துச்சு." பஜ்ஜிக் கடை பழையபடி பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது.

சேவுகன் வெளியே வந்தான், குரல் எதுவும் கூட வரவில்லை. அய்யாவின் குரல் வீட்டோடு போயிற்று, மற்றவை முன்பே போயிருந்தன, அவற்றுக்கு அடியில் தன்னுடையது என்று ஏதாவது இருந்ததா என்று அவனுக்கே ஞாபகமில்லை. தலையை ஆட்டினான், கையைக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "டேய் காராச்சேவு, ஹெச்.எம். மாதிரி ஒண்ணு பண்ணுடா" என்று கெஞ்சினார்கள், ஹெச்.எம்.மே ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருதரம் பண்ணிக் காட்டேன்டா, நான் அடிக்கமாட்டேன்" என்றார். அவன் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது.

வீட்டில் பஞ்சவர்ணம் அப்பாவின் தட்டைக் கடைசித் தடவையாகக் கழுவி, துடைத்து, மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தாள். போனைப் பெட்டிக்குள் போட்டாள். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே வந்த சேவுகன் வாசலில் நின்று, யோசிக்காமல், "யம்மா, துண்டு எடு" என்றான்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் எடுத்த குரல் இல்லை அது, தொண்டையை இறுக்கவில்லை, மூச்சை மாற்றவில்லை, தன்பாட்டுக்கு அடியிலிருந்து ஊறி வந்தது. பாதி உடைந்து, பாதி கரகரத்து, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வெள்ளைக்கண்ணுதான்.

பஞ்சவர்ணம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பண்ணலம்மா," என்றான் அவன். "சத்தியமா நான் பண்ணல. இதுதான் வருது. எனக்கு வேற வரல."

அவள் கிட்டே வந்தாள். முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள், ரொம்ப நேரம் துவட்டினாள், தலை காய்ந்த பிறகும் துவட்டினாள்.

"பேசு," என்றாள்.

"என்னத்தப் பேச?"

"என்னமாச்சும். அவரு மாதிரி வேணாம். நீ பேசு."

அவன் பேசினான். கணக்கில் மறுபடி ஃபெயிலானதை, குடையைத் தொலைத்ததை, பஜ்ஜிக்காரர் கடனுக்குத் தரமாட்டேன் என்றதை, பசிக்கிறது என்பதை, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினான். அவள் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை.